வேடிக்கை பார்க்கப் போனவன்

புழலில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு புன்னகை அரும்பும். 2006-ம் வருஷம் மத்திய சிறைச்சாலை இங்கே வந்தது முதல் ஊருக்கு ஏற்பட்ட கீர்த்தி அது. "எத்தனை வருஷம்?" என்று குறும்பாகக் கேட்கிறவர்களும் உண்டு. "ஆயுள்தான். நன்னடத்தைக்காகக்கூட விடுவதாக இல்லை" என்று நானும் பதில் சொல்லப் பழகிவிட்டேன். சென்னைப் பட்டணத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் பெரிய ஏரி எங்கள் ஊரில்தான் இருக்கிறது. பழைய சிவன் கோயிலும் சமணர் கோயிலும் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

எங்களுக்கோ நல்ல நாள் பெரிய நாள் என்றால் திருவொற்றியூர்தான். மாதவரம், மணலி வழியாக, துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கு நடுவே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வாசனையைச் சுவாசித்துக்கொண்டு போனால், அந்தப் புகைக்கெல்லாம் அப்பால் தியாகராஜ சுவாமியின் கோபுரம் தெரியும். கல்யாணமான வருஷத்திலிருந்து மாசித் திருவிழாவுக்கு நான் போகாத வருஷம் மிகச் சொற்பம்.

போன மாசியில் என் தங்கை மகன் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தான். ஜெர்மனியில் உத்தியோகம் பார்க்கிறான். நல்ல பையன். எதையும் ருசித்துச் சாப்பிடுவான். எதையும் ஆர்வத்தோடு பார்ப்பான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதற்கு முந்திய வருஷம் ஈஸ்டர் விடுமுறைக்கு ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரத்துக்குப் போய்வந்த கதையைச் சொன்னான்.

"ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்ட வாரம், மாமா. ஊரே தெருவில் இருக்கு. கூம்பு மாதிரி குல்லாய் போட்டு முகத்தை மூடிக்கிட்டு, கையிலே மெழுகுவர்த்தியோட வரிசை வரிசையா வர்றாங்க. பின்னாலே நம்ம சப்பரம் மாதிரி பெரிய மேடை. மாதா சிலை, நூற்றுக்கணக்கான விளக்கு. அதைத் தூக்கிக்கிட்டு வர்றவங்க கண்ணுக்கே தெரியமாட்டாங்க. மேடையைச் சுற்றித் துணி தொங்கும். உள்ளே குனிஞ்சு, கழுத்திலே பாரம் வாங்கிக்கிட்டு நடக்கிறாங்க. திடீர்னு ஒரு பால்கனியிலிருந்து யாரோ பாட ஆரம்பிப்பாங்க. ஊர்வலம் அப்படியே நிற்கும்."

"சாப்பாடு?" என்று கேட்டாள் என் மனைவி.

"அதை ஏன் கேட்கறீங்க, அத்தை! ரொட்டியைப் பாலிலே ஊறவச்சு, முட்டையிலே தோய்ச்சு, எண்ணெயிலே பொரிச்சு, மேலே தேனை ஊத்தித் தர்றாங்க. தொர்ரீஹான்னு பேர். நம்ம பாம்பே டோஸ்ட்டுக்கு அண்ணன்!"

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு: பிறர் சொல்லும் கதைக்கும் முடிவை அவனே எழுதிவிடுவான்.

"ஆக, அவர்கள் தங்கள் தெய்வம் பட்ட பாட்டை நினைத்து உருகிக்கொண்டிருந்தார்கள். நீ தேன் ரொட்டியைத் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தாய்" என்றேன்.

"அவங்களும்தான் தின்னாங்க, மாமா."

"அவர்கள் தின்பது வேறு, நீ தின்பது வேறு. அது அவர்கள் வீட்டு விசேஷம். நீ பந்தியில் புகுந்தவன்."

பையனின் முகம் சுருங்கியது. "அப்படி இல்லை மாமா, அங்கே ஒரு பாட்டி..." என்று எதையோ சொல்ல வந்தான். நான் அதற்குள் பிறர் பக்தியை விலைக்கு வாங்கும் சுற்றுலாக்காரர்களைப் பற்றி ஒரு சொற்பொழிவையே ஆரம்பித்துவிட்டேன். பாட்டியின் கதை அப்படியே நின்றுபோயிற்று.

அந்தச் சொற்பொழிவில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவன் நெஞ்சுருகி அழும் இடத்தில் இன்னொருவன் படம் பிடித்துக்கொண்டு நின்றால் அது நன்றாகவா இருக்கிறது? நம்பிக்கை இல்லாதவன் திருவிழாவுக்கு வந்து, அதன் இசையையும் வாசனையையும் தின்பண்டத்தையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு போவது, பழத்தைத் தின்றுவிட்டு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் போவதுபோல்தானே? வெகுநாளாக இதுதான் என் அபிப்பிராயம். மேடைகளிலும் பேசியிருக்கிறேன்.

ஆனால் என் சங்கதி என்ன? நான் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் ஆதிபுரீசுவரரின் கவசத்தை எடுத்துவிட்டுத் தைலம் சாத்துகிறார்கள். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அவர் கவசத்துக்குள் இருப்பவர். அந்த மூன்று நாளில் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு தரிசிக்கும்போது நானும் முண்டியடித்திருக்கிறேன். புனுகும் சாம்பிராணியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் மெய்ம்மறந்திருக்கிறேன். மெய்ம்மறந்தது தெய்வத்திலா, வாசனையிலா என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நாயனத்துக்காகப் போகிறேன், தொன்னைப் பொங்கலுக்காகப் போகிறேன், பழகிய முகங்களுக்காகப் போகிறேன். ஆயினும் என்னை வேடிக்கை பார்ப்பவனாக நான் எண்ணியதில்லை. இது எங்கள் ஊர், எங்கள் சாமி. அந்த உரிமை ஒன்றே போதும் என்று இருந்துவிட்டேன்.

மகிழடி சேவை நாளன்று பையனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். முந்திய இரவு கடுமையாகப் பேசியது மனத்தை உறுத்தியது. ஆகவே வழியில் அவனுக்குச் சாதகமாகவும் நாலு வார்த்தை சொல்லிவைத்தேன்.

மயிலாப்பூரில் பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் கதை எல்லோருக்கும் தெரியும். அவள் தகப்பனார் சிவநேசர், ஞானசம்பந்தர் திருவொற்றியூருக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவரை அழைத்துப் போனார் என்கிறது பெரியபுராணம். எலும்பும் சாம்பலுமாகக் குடத்தில் இருந்தவளை அந்தப் பிள்ளை எப்படி அழைத்தது? மோட்சத்தைப் பற்றிச் சொல்லவில்லை. வினையைப் பற்றியும் சொல்லவில்லை. ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலா போய்விடுவாய் என்று கேட்டது. செத்தவளையும் திரும்பி வரச் சொல்லத் திருவிழாவைவிடப் பெரிய காரணம் அவருக்குத் தோன்றவில்லை!

பட்டினத்தார் எல்லாவற்றையும் துறந்தவர். அவருக்கு முக்தி கிடைக்கும் இடத்தைக் காட்டிய அடையாளமும் நாக்கில்தான் வந்தது. கையில் வைத்திருந்த பேய்க்கரும்பு எந்த ஊரில் தித்திக்கிறதோ அந்த ஊரே இடம் என்றிருக்க, அது தித்தித்த ஊர் திருவொற்றியூர் என்பது ஐதீகம். அவர் சமாதி கடலோரத்தில் இருக்கிறது. ஊசியையும் உதறிய மனிதருக்குக் கடவுள் இனிப்பை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்.

"அப்போ அனுபவிக்கிறது தப்பில்லைன்னு சொல்றீங்க" என்றான் பையன்.

"அனுபவிக்கிறது தப்பில்லை. உரிமை இல்லாமல் அனுபவிப்பதுதான் தப்பு" என்றேன். என் மனம் அந்த இடத்தைவிட்டு அசைவதாக இல்லை.

கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. மகிழ மரத்தடிக்கு எதிரே நெருக்கிக்கொண்டு நின்றோம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்த இடம் அது. உன்னை விட்டுப் பிரியேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்வதாக ஏற்பாடு. அந்த நேரத்துக்குச் சிவபெருமானைச் சந்நிதியிலிருந்து எழுந்து மகிழ மரத்தடியில் போய் இருக்கச் சொல்லிவிட்டார் சுந்தரர். ஆனால் அவரோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிட்டார்! நண்பர் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்! வேறு வழியில்லாமல் சுந்தரர் மரத்தடியில் சத்தியம் செய்தார். பிற்பாடு தென்றல் வீசும் காலம் வந்தது. திருவாரூரில் வசந்த விழா நடக்குமே, பரவையார் ஆடிப் பாடுவாரே என்று நினைவு வந்தது. கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று.

இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எல்லாத் தடவையும் சத்தியத்தை மீறிய பாவம் என்றுதான் என் மனத்தில் பட்டது. அவர் சத்தியத்தை மீறியது எதற்காக என்று யோசித்ததில்லை. இன்னோர் ஊர்த் திருவிழாவைப் பார்ப்பதற்காக அல்லவா!

தரிசனம் முடிந்து வெளியே வந்தோம். தெருவில் யாரோ வியாபாரிகள் பந்தல் போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய அண்டா. பக்கத்தில் தொன்னை அடுக்கு. வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தொன்னை வாங்கிச் சாப்பிட்டோம். சூடும், பச்சைக் கற்பூர வாசனையும், வெல்லமும்... பையன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். எனக்கும் பரம திருப்தி.

கிளம்பும்போது மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. முழங்கால் வலியால் அவள் வரவில்லை. "பிரசாதம் கொண்டு வாங்க" என்று சொல்லியிருந்தாள். மறுபடியும் வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்தபோது பரிமாறுகிறவர் அண்டாவைச் சாய்த்து, கரண்டியால் சுரண்டி, தொன்னையை நிரப்பிக் கொடுத்தார்.

எனக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். நாளெல்லாம் வெயிலில் வேலை செய்கிற உடம்பு என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஆயிடிச்சாண்ணா?" என்று பரிமாறுகிறவரைக் கேட்டாள்.

"ஆயிடுச்சும்மா."

குழந்தை என் கையிலிருந்த தொன்னையைப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பிரயத்தனப்பட்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

கொடுத்துவிடலாமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றிய அதே கணத்தில் காரணங்களும் தோன்றின. இது மனைவிக்கு என்று வாங்கியது. அவள் நோயாளி. பிரசாதம் என்று ஆசையோடு கேட்டிருக்கிறாள். இந்தப் பெண்ணுக்குப் பசி என்றால் கோயிலிலேயே அன்னதானம் நடக்கிறது. 2002-லிருந்து சர்க்காரே ஏற்பாடு செய்து பல கோயில்களில் போடுகிறார்கள். தவிர, நடுத்தெருவில் கொடுத்தால் அவள் என்ன நினைத்துக்கொள்வாளோ? இத்தனையையும் நான் யோசித்து முடித்தபோது அவள் அங்கே இல்லை. எட்டிப் பார்த்தேன். ஜனங்களின் தலைகள்தான் தெரிந்தன.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, கொஞ்ச தூரம் போய், பையன் கேட்டான்: "மாமா, அந்த அம்மா..."

"கோயில்லே சாப்பிட்டிருப்பாங்க" என்று வெடுக்கென்று சொன்னேன்.

அவன் பேசவில்லை. சாத்தங்காடு தாண்டிய பிறகு நானாகவே கேட்டேன்: "அன்றைக்கு ஏதோ பாட்டியைப் பற்றிச் சொல்ல வந்தாயே, என்ன அது?"

"ஒண்ணும் பெரிசா இல்லை, மாமா. ரெண்டு மணி நேரம் காத்திருந்து முன் வரிசையிலே இடம் பிடிச்சிருந்தேன். மாதா சிலை கிட்டே வர்றப்போ திரும்பிப் பார்த்தேன். பின்னாலே ஒரு பாட்டி; ரொம்பக் குள்ளம். என் முதுகுதான் அவங்களுக்குத் தெரியுது. அதனாலே அவங்களை முன்னாலே விட்டுட்டு நான் பின்னாலே போனேன். அவங்க அழுதாங்க. நான் ஒண்ணும் பார்க்கலை. விளக்கு வெளிச்சம் மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் அவங்கதான் என் கையைப் பிடிச்சு ஒரு கடைக்கு அழைச்சுக்கிட்டுப் போய் அந்தத் தேன் ரொட்டி வாங்கிக் கொடுத்தாங்க. பாஷை புரியலை. சும்மா சிரிச்சுக்கிட்டே தின்னோம்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மடியில் தொன்னை சூடு ஆறிக்கொண்டிருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இரண்டு பேர் திருவிழாவுக்குப் போனோம். ஒருவன் அந்நியன், அந்த மதமில்லை, பாஷையில்லை, ஊரில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். இன்னொருவன் ஊர்க்காரன். தலமரம் இன்னதென்று தெரியும், நாயன்மார் கதை தெரியும், எந்த வீதியில் எந்த நாள் சுவாமி வரும் என்று தெரியும். அவன் அண்டாவை மட்டும் பார்த்தான். இருவரில் பந்தியில் புகுந்தவன் யார்?

என்னை மிகவும் வருத்தியது இன்னொன்று. 'பசி என்றால் அன்னதானம் இருக்கிறதே' என்று நினைத்தேன் அல்லவா? அந்தப் பெண் பசிக்குச் சோறு கேட்கவில்லை. திருவிழா நாளில் குழந்தைக்கு ஒரு வாய் இனிப்புக் கொடுக்க வந்தாள். ஏழைக்கு வயிறு நிறைந்தால் போதும், ருசி நமக்குத்தான் என்ற எண்ணம் என் மனத்தின் அடியில் எங்கோ இருந்திருக்கிறது. அது இருப்பது எனக்கே அன்றுவரை தெரியாது. திருவிழாக்களுக்கு ஆகும் செலவை ஏழைகளின் சோற்றுக்குக் கொடுக்கலாமே என்று சீர்திருத்தம் பேசுகிற நண்பர்கள் பலர் எனக்கு உண்டு. அவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குள்ளும் இதே பங்கீடு ஒளிந்திருக்கக் கூடும். பூம்பாவையைத் திருவிழாவின் பேர் சொல்லி அழைத்தவர், பணக்கார வணிகர் மகள் என்பதனால் அப்படி அழைத்தார் என்றா சொல்லமுடியும்?

ராமலிங்க சுவாமிகளை நினைத்துக்கொண்டேன். இளமையில் அவர் சென்னை ஏழுகிணற்றுப் பக்கத்து வீட்டிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே போய்வருவாராம். ஒரு நாள் இரவு நேரங்கழித்துத் திரும்பியபோது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துக்கொண்டார். வடிவுடையம்மனே அண்ணியின் உருவில் வந்து அமுது படைத்தாள் என்று சொல்வார்கள். அது நடந்ததோ இல்லையோ, அந்தத் திண்ணையின் பசியை அவர் மறக்கவில்லை என்பது நிச்சயம். 1867-ல் வடலூரில் தருமசாலை கண்டு அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. திருவொற்றியூரில் தரிசனம் செய்த கண்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. பின்னால் நிற்கிற பசித்தவனைத் திரும்பிப் பார்த்தன.

சுந்தரர் கதையும் அன்றைக்கு வேறுவிதமாகத் தெரிந்தது. கண்ணிழந்த அவருக்காக நாம் உருகுகிறோம். கோலை ஊன்றிக்கொண்டு வழி நடக்கிறார். காஞ்சியில் ஒரு கண் கிடைக்கிறது. திருவாரூரில் மற்றது கிடைக்கிறது. நம் மனமும் அவர் கூடவே ஆரூருக்குப் போய்விடுகிறது. ஒற்றியூரில் நின்றுவிட்ட சங்கிலியாரை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. விழாவை நினைத்துக் கிளம்புகிறவன் கண்ணில் பின்னால் நிற்பவர் படுவதில்லை. அதற்கு வேறு தண்டனை எதற்கு?

ஆகையால் என் பழைய அபிப்பிராயத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். பிறர் திருவிழாவில் நுழைகிறவனை, உனக்கு நம்பிக்கை உண்டா, இது உன் ஊரா என்று இனிமேல் கேட்கமாட்டேன். பந்தியில் இலை போடுகிறவர்கள் அதைக் கேட்பதில்லை. நான் யார் கேட்க? ருசித்துத் தின்னட்டும். நாயனத்துக்குத் தலையாட்டட்டும். ஆனால் அவனுக்கும் எனக்கும் ஒரே ஒரு கடமை உண்டு. இலையில் கை வைக்கும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கவேண்டும். இது சின்ன விஷயம்போல் இருக்கிறது. அறுபது வயதுவரை எனக்குச் செய்யத் தெரியவில்லை.

அந்தத் தொன்னை என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டாள். "நெய் கொஞ்சம் போதாது" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முடியும்வரை பேசாமல் கேட்டாள். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அதைச் சாப்பிட்டிருக்கமாட்டேனே" என்றாள்.

அதனால்தான் சொல்லவில்லை.